வலப்பக்கம் என்றால் வலப்பக்கம்தான்

என் பெயரையும் முகவரியையும் முதல் தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது எழுபத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார். கான்வென்ட் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்து ஓய்வு பெற்றேன். தொழில் என்ற இடத்தில் காவல் ஆய்வாளர் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்ததை அடித்து, "வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்" என்று எழுதச் செய்தேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சொந்தப் புத்தியோடு, நாற்காலியில் நேராக உட்கார்ந்து இதைச் சொல்கிறேன்.

பெரிய இணையத் தேடல் நிறுவனம் கொடுத்த புகாரில் என் நாத்தனார் மகன் முதல் எதிரியாகவும் நான் இரண்டாம் எதிரியாகவும் காட்டப்பட்டிருக்கிறோம். அவன் ஆசை காட்டி என்னை வளைத்தான் என்றும், நான் வளைந்து அவனுடைய சின்னத் தேடல் நிறுவனத்துக்குச் சாதகமாக மதிப்பெண் போட்டேன் என்றும் அதில் கண்டிருக்கிறது. என்னை வளைக்க முயன்றவர்கள் இதற்கு முன்பும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் மறு வருடமும் அதே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் புகாரை எழுதியவருக்கே அது சரியாகத் தெரியவில்லை. இணையத்தில் யாரோ தேடிய ஒரு கேள்வியை எனக்குக் காட்டுவார்கள். அந்த ஒரே கேள்விக்கு இரண்டு நிறுவனங்கள் கொடுத்த பதில்களை, திரையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று போடுவார்கள். எது எந்த நிறுவனத்துடையது என்று சொல்ல மாட்டார்கள். எது நல்லது என்று குறித்து, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். பெரிய நிறுவனத்துக்காக இதை ஓர் ஒப்பந்தக்காரர் ஆள் வைத்து நடத்துகிறார். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு என்ன மருந்து என்று ஒருவர் கேட்டால், மருத்துவர் எழுதியது மேலே வர வேண்டும், மருந்து விற்கிறவர் எழுதியது மேலே வரக் கூடாது. பூட்டிய கதவைச் சாவி இல்லாமல் திறப்பது எப்படி என்ற கேள்வியும் வந்திருக்கிறது. இதைச் சொன்னபோது ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது என்றும், சாவியைத் தொலைத்தவராகவும் இருக்கலாம் என்றும் சொன்னேன்.

என் ஒரே மகளின் கணவர் அந்தப் பெரிய நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறார். என் கணவருடைய தங்கை மகன் சின்ன நிறுவனத்தை நடத்துகிறான். சிறு வயதில் அவன் செய்த சேட்டைக்காக வைத்த வாலு என்ற பெயர் இன்னும் வீட்டில் நிற்கிறது. இருவரும் என்னை அத்தை என்றுதான் அழைப்பார்கள். ஒருவர் மாப்பிள்ளை, ஒருவன் வாலு. ஆய்வாளர் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி எழுதச் செய்தேன். இரண்டு உறவுகளையும் வேலையில் சேர்ந்த அன்றே ஒப்பந்தக்காரருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எதையும் மறைக்கவில்லை.

புகாரில் "இரகசியச் சந்திப்பு" என்று சொல்லப்படுவது பின்வருமாறு நடந்தது. வாலு ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தான். லிஃப்டில் கேமரா இருக்கிறது, வாசலில் கேமரா இருக்கிறது, இரண்டிலும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறான். நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தவனை ஒழுங்காக உட்காரச் சொன்னேன். அதன் பிறகு அவன், "எங்ககூட வந்துடுங்க அத்தை. உங்களை மாதிரி கறாரா பார்க்கிற ஆள் எங்ககிட்ட ஒருத்தர்கூட இல்லை" என்றான். பெரிய நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருக்கும்வரை அவன் நிறுவனத்துக்குச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வற்புறுத்தவில்லை. அதன் பிறகு தன் கஷ்டத்தைச் சொன்னான்.

"புது போன் எதை வாங்கினாலும் அவங்க தேடல் கட்டம்தான் முன்னாடி உட்கார்ந்திருக்கு. போன் பண்றவங்களுக்கு அதுக்காக அள்ளிக் கொடுக்கிறாங்க. எங்களுது எங்கேயோ உள்ள ஒளிஞ்சு கிடக்கு. யார் தோண்டி எடுப்பாங்க?"

"தரமா பண்ணுடா. தேடி வருவாங்க."

"தேடி வரணும்னாலும் அவங்க கட்டத்துலதான் அத்தை தேடணும்!"

அதற்கு நான் சிரித்துவிட்டேன். அவனிடமிருந்து நான் பெற்றுக்கொண்டது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அது கையூட்டு என்றால் எழுதிக்கொள்ளலாம்.

போன்களில் தங்களுக்கு இடமே இல்லாமல் செய்கிறார்கள் என்று வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையத்தில் முறையிட்டிருப்பதாகவும், ஆணையம் கை கொடுக்காவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்றும் போகும்போது சொன்னான். சாத்துவதற்கு முன் உன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கு வேறு வழி பார்த்துக் கொடு என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு சில வாரங்கள் கழித்து வந்த ஒரு சுற்றுக் கேள்விகளில், வழக்கத்துக்கு மாறாக, இரண்டு பக்கங்களின் தலையிலும் நிறுவனங்களின் பெயர்கள் தெரிந்தன. இடப்பக்கம் பெரிய நிறுவனத்தின் பெயர், வலப்பக்கம் சின்ன நிறுவனத்தின் பெயர். யாரோ கவனக்குறைவாக விட்டுவிட்டார்கள் என்று எண்ணி ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "மேல இருந்து வந்தது மேடம், அப்படியே பண்ணுங்க" என்றார். பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்துகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுதியவரின் பெயர் உள்ள முனையை மடித்து ஒட்டித்தான் தாள் எங்கள் கைக்கு வரும். எப்போதாவது ஒட்டு விட்டுப்போய் வந்தால் நாங்களே மடித்துக்கொண்டு திருத்துவோம். அதே போல ஓர் அட்டையை நீளமாக வெட்டித் திரையின் மேல்விளிம்பில் துணி கிளிப்பால் மாட்டி, பெயர்களை மறைத்துவிட்டு அந்தச் சுற்று முழுவதையும் செய்தேன். வலப்பக்கத்தில் இருந்தது வாலுவின் நிறுவனப் பெயர் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மறைத்தேன். பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இரக்கம் வரும். அல்லது இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்து அளவுக்கு மீறிக் கறாராக இருப்பேன். இரண்டும் தப்பு. அந்தச் சுற்றில் வலப்பக்கம் நன்றாக இருந்தது. வலப்பக்கம் என்று குறித்தேன்.

அதன் பிறகு, பத்துக்கு எட்டு முறை மக்கள் எங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பெரிய நிறுவனம் எல்லாச் செய்தித்தாள்களிலும் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. இந்தச் சுற்றின் முடிவைத்தான் போட்டி ஆணையத்திலும் கொடுத்தார்கள். மக்கள் தரத்தைப் பார்த்து எங்களிடம் வருகிறார்கள், போன் செய்கிறவர்களும் அதனால்தான் எங்களை முன்னால் வைக்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். அந்த முடிவில் அநேகமாகக் கேள்விக்குக் கேள்வி வலப்பக்கம் என்று குறித்த ஒரே ஆள் நான். யாரிந்த ஆள் என்று தோண்டியிருக்கிறார்கள். வாலுவின் உறவு என்று தெரிந்ததும் புகார் கொடுத்துவிட்டார்கள். காவலர்கள் வாலுவின் அலுவலகத்துக்குப் போய்க் கணினிகளை எடுத்துக்கொண்டு கதவுக்குச் சீல் வைத்தார்கள். அங்கே வேலை செய்கிற பெண்களும் பையன்களும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நான் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் செடித் தொட்டியை மடியில் வைத்திருந்தாள். அது ஒன்றைத்தான் எடுத்துப் போக விட்டார்களாம்.

அதன் பிறகு பெரிய நிறுவனத்தின் அலுவலகத்துக்கு என்னை அழைத்தார்கள். சுற்றிலும் கண்ணாடி வைத்த அறை. உள்ளே நிறுவனத்தின் வழக்கறிஞர், என் மாப்பிள்ளை, சோதனைப் பிரிவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஆகியோர் இருந்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து எழுந்தார், பிறகு வழக்கறிஞரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் இடப்பக்கம்னு போட்டிருக்காங்க. நீங்க மட்டும் எப்படி மேடம் வலப்பக்கம்?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"எல்லாரும் போட்டதையே போடறதுக்கு நான் எதுக்கு? எல்லாருமே போதுமே."

உறவுப் பாசத்தில் போட்டேன் என்று ஒப்புக்கொண்டால் என்னை விட்டுவிடுவதாகச் சொன்னார். அந்தப் பக்கங்களைத் திரும்பக் காட்டுங்கள் என்றேன். சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டார்கள். முதலில் வந்தது, பாம்பு கடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி. நான் எழுந்து போய்த் திரையைத் தொட்டுக் காட்டினேன். "இடப்பக்கம் மேல இருக்கறது, கடிச்ச இடத்தைக் கீறி வாயால உறிஞ்சச் சொல்லுது. அப்படிப் பண்ணா கடிபட்டவனுக்குப் பக்கத்துலயே உறிஞ்சினவனும் படுக்க வேண்டியதுதான். வலப்பக்கம், ஆடாம அசையாம வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடச் சொல்லுது. இதுல உங்களுக்கு எது புரியலை?" என்று கேட்டேன். வழக்கறிஞர், "உங்க உறவுக்காரர் கம்பெனி நல்லா பண்ணியிருக்குன்னு சொல்றீங்க, அப்படித்தானே?" என்றார். யார் செய்தது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை, வலப்பக்கம் என்றால் வலப்பக்கம்தான் என்றேன்.

அப்போது சோதனைப் பிரிவுப் பெண் வாய் திறந்தாள். "சார், அது நம்மளோடது."

"எது?"

"வலப்பக்கம். அந்தச் சுற்றுல பேரை மட்டும் மாத்திப் போட்டது எங்க பிரிவுதான் சார். ஆளுங்க பதிலைப் பார்க்கறாங்களா, பேரைப் பார்க்கறாங்களான்னு தெரிஞ்சுக்கறதுக்கு. எங்களைக் கேட்காமலே விளம்பரப் பிரிவு எடுத்துட்டுப் போய் அச்சடிச்சுட்டாங்க."

விஷயம் இதுதான். அந்தச் சுற்றில் பெரிய நிறுவனத்தின் பெயருக்குக் கீழே இருந்தவை வாலுவுடைய பதில்கள். வாலுவின் பெயருக்குக் கீழே இருந்தவை பெரிய நிறுவனத்தின் பதில்கள். மற்றவர்கள் பெயரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் பதில்களைத் தொடர்ந்து நல்லவை என்று தேர்ந்தெடுத்தது நான் ஒருத்திதான். அதற்காகத்தான் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

வழக்கறிஞர் அந்தப் பெண்ணை வெளியே போகச் சொன்னார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "காபி சாப்பிடறீங்களா மேடம்?" என்று கேட்டார். வந்தவளுக்கு வந்தவுடன் கொடுப்பதுதான் மரியாதை, மாட்டிக்கொண்ட பிறகு கொடுப்பது வேறு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளை லிஃப்டுவரை வந்தார்.

அன்றே வாலுவைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் ஆரம்பிப்பதற்குள், "நீங்க ஒருத்தர்தான் அத்தை எங்களுக்கு நியாயமா மார்க் போட்டது. ஆணையத்துல வந்து அதைச் சொல்லுங்க, போதும்" என்றான். நடந்ததைச் சொன்னேன். நன்றாக இல்லை என்று நான் தள்ளியதெல்லாம் அவனுடைய பதில்கள் என்றும், பாம்புக்கடிக்குக் கீறச் சொன்னதை முதலாவதாகக் கொண்டுவந்து நிறுத்தியது அவனுடைய நிறுவனம்தான் என்றும், அதை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

"எதை வெச்சு எடுக்கறது? கம்ப்யூட்டரெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு அத்தை."

"திரும்பி வந்ததும் எடு."

"சரி. ஆனா அத்தை... பேரை மாத்தினதை மட்டும் சொல்லுங்க. எங்களுது மோசம்னு நீங்க நினைச்சதை எதுக்குச் சொல்லணும்? யாரும் கேட்கப் போறதில்லையே."

"பாதி விடைக்கு நான் முழு மார்க் போட்டதில்லைடா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அதன் பிறகு அவன் என்னை அழைக்கவில்லை. அவன் கோபம் அவனுக்கு.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. எனக்கு வயதாகிவிட்டது, கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது, இடம் எது வலம் எது என்று குழம்பித் தவறாகக் குறித்துவிட்டேன், எவர் மேலும் தவறில்லை என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள், வாலுவின் அலுவலகத்தைத் திறந்துவிடுவார்கள். போடாவிட்டால் மாப்பிள்ளையின் வேலை போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையாம், ஆனால் அவருடைய மேசையை இப்போதே கதவோரத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

மகள் சமையலறைக்கு என்னைத் தனியாக அழைத்துப் போனாள். "ஒரு கையெழுத்துதானேம்மா. உனக்குக் கண்ணு தெரியலைன்னா ஊர் என்ன சிரிக்கவா போகுது? உன்னோட வீம்புக்கு நாங்க தெருவுல நிக்கணுமா?"

"கண்ணு தெரியலைன்னு எழுதினா அந்த முழுப் பக்க விளம்பரம் உண்மையாயிடும். ஆணையம் அதைப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லும்."

"தீர்ப்பு எப்படிப் போனா உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லை. ஒருத்தன் தோத்தா அவன் பதில் சரியில்லைன்னு தோக்கட்டும். அவன் கடையைத் திறந்து வெச்சிருந்ததே யாருக்கும் தெரியாம தோக்கக் கூடாது."

"அப்படின்னா நான்? எனக்கு நீ என்ன மார்க் போடப் போற?"

அவள் அழுதாள். அவள் பள்ளி நாட்களிலும் நான் அழுகைக்கு இடம் கொடுத்ததில்லை, அதை அவள் அப்போது எனக்குச் சொல்லியும் காட்டினாள். பாத்திரம் துலக்கும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக மூடிவிட்டு வெளியே வந்து, கையெழுத்துப் போட முடியாது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் தாளை மடித்து, "உங்களுக்குத் தோணும்போது சொல்லுங்க அத்தை, எங்கிட்டயே இருக்கும்" என்றார்.

இன்று இங்கே வந்தபோது ஆய்வாளரும், "கண் ஆபரேஷன் பண்ணதை மட்டும் சும்மா எழுதிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்புக் கருவி காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிறது என்று படித்துச் சொன்னேன். ஆய்வாளர் எழுந்து போய், கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அதன் பிறகு கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

பெயர் மாற்றியதாக நான் சொல்வதற்கு யார் சாட்சி என்று ஆய்வாளர் கேட்டார். சோதனைப் பிரிவுப் பெண் என்றேன். அவர் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, "அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிட்டதாச் சொல்றாங்க. எங்கேன்னு தெரியாதாம். வக்கீல் அப்படி ஒரு பேச்சே நடக்கலைங்கறார். வேற யாரும்மா அந்த ரூம்ல இருந்தது?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் பதில் சொல்லுமுன் நான் சன்னல் பக்கம் திரும்பினேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். மாப்பிள்ளை என்னைக் காரில் அழைத்து வந்து, வெளியே பெஞ்சில் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தார். சன்னல் வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. அவர் பெயரை நான் சொன்னால் அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டியிருக்கும். ஆம் என்றால் வேலை போகும், இல்லை என்றால் அதன் பிறகு என் வீட்டு வாசலை அவரால் மிதிக்க முடியாது. ஆய்வாளர், "வேணாம்னா விட்டுடலாம்மா, யாரும் இல்லைன்னு போட்டுக்கறேன்" என்றார். இருந்தவரை இல்லை என்று எழுதக் கூடாது என்று சொல்லி, என் மாப்பிள்ளை அந்த அறையில் வழக்கறிஞருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார் என்றும், அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்தது என்றும் சொன்னேன். என் மகளுக்கு இதனால் என்ன நேரும் என்று தெரிந்தே சொன்னேன்.

அதன் பிறகு ஆய்வாளர் அவரை உள்ளே அழைத்து, என் பேச்சை அவருக்குப் படித்துக் காட்டினார். மாப்பிள்ளை நின்றபடியே கேட்டார். பாம்புக்கடி வரும் இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். படித்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னோடதையும் எழுதிக்கங்க சார்" என்றார். ஆய்வாளர் இந்தத் தாளிலேயே கீழே சேர்த்து எழுதப் போனார். அவருக்குத் தனித் தாள் போட வேண்டும் என்றேன். "இருங்க அத்தை, நீங்களும் கேட்டுட்டுப் போங்க" என்று மாப்பிள்ளை சொன்னார். நான் எதிரில் இருந்தால் எனக்காகச் சொன்னதாக ஆகிவிடும், அவருக்காக அவர் சொல்லட்டும் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டதும் எழுந்து வெளியே போய் அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறேன். உள்ளே அவர் என்ன சொல்கிறார் என்று யாரிடமும் கேட்க மாட்டேன்.

இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டவையும் காதால் கேட்டவையும் மட்டுமே. எழுதியதை நானே படித்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். அனைத்தும் உண்மை. இதன் நகல் ஒன்று போட்டி ஆணையத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை யார் வந்து எந்தத் தாளை நீட்டினாலும் இதில் ஒரு சொல்லையும் நான் மாற்ற மாட்டேன்.

(ஒப்பம்)
இரண்டாம் எதிரி

என் முன்பாகச் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்